சேண்டலுக்குள் காலுறை: நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற முறை

காலுறை போட்ட காலில் சேண்டல் மாட்டிக்கொண்டு நாலு பேர் நடுவே போகலாமா? கோலாலம்பூரில் இதற்கு விடை தேடி அலைய வேண்டியதில்லை. காலை வேளையில் மஸ்ஜிட் ஜாமேக் எல்ஆர்டி நிலையத்தில் ஓரமாக நின்று, ரயிலை விட்டு இறங்குகிறவர்களின் பாதத்தை மட்டும் பாருங்கள். பாஜு கூரோங் அணிந்த பெண்களில் எத்தனையோ பேர் தோல் நிறத்திலோ கறுப்பிலோ மெல்லிய ஸ்டோக்கின் போட்டு, அதன்மேல் வார் வைத்த சேண்டல் மாட்டியிருப்பார்கள். மலேசிய முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில், அதாவது சட்ட மரபில், பெண்ணின் பாதமும் மறைக்க வேண்டிய பகுதி. அவர்களுக்கு இது அன்றாட உடை. பினாங்கில் தமிழ் முஸ்லிம் குடும்பங்களிலும் இதைப் பார்க்கலாம்.

இன்னும் பலர் இருக்கிறார்கள். இனிப்பு நீர் (நீரிழிவு) இருப்பதால் பாதத்தில் கீறல் படாமல் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகள், உள்ளே போனதும் காலணி மாற்ற வேண்டியிருப்பதால் கழற்றி மாட்ட எளிதான செருப்போடு தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கும் பாயான் லெப்பாஸ் தொழிலாளர்கள், எக்ஸ்பிரஸ் பஸ்ஸின் ஏர்கோனுக்குப் பயந்தவர்கள். இவர்களில் யாரையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பார்த்துச் சிரிப்பது ஐரோப்பாவிலிருந்து வந்த பழக்கம். ஜெர்மானியச் சுற்றுப்பயணிகளைச் சொல்லிச் சொல்லியே அந்தக் கேலி வளர்ந்தது. ஆனால் அந்தக் கண்டத்திலேயே இது ரோமர் காலத்துச் சங்கதி. வட இங்கிலாந்தில் விண்டொலாண்டா என்ற ரோமானியக் கோட்டையில் கிடைத்த, ஏறத்தாழ 1,900 ஆண்டுப் பழைய மரப்பலகைக் கடிதம் ஒன்றில், காலுறைகளும் இரண்டு ஜோடிச் செருப்பும் இரண்டு உள்ளாடையும் அனுப்பிவைத்த விவரம் இருக்கிறது. எகிப்தில் கிடைத்த 3 முதல் 5ஆம் நூற்றாண்டு வரையிலான கம்பளிக் காலுறைகளில், கட்டைவிரலுக்குத் தனியாகவும் மற்ற விரல்களுக்குத் தனியாகவும் முன்பக்கம் பிளந்து பின்னியவை உண்டு. வார்ச்செருப்புக்கென்றே செய்த வடிவம் அது.

நமக்குக் கவலை தர வேண்டியவை வேறு: எந்தச் செருப்பு, எந்தக் காலுறை, எந்தத் தரை. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதும் ஆலோசனையில் இந்த மூன்றாவது வருவதே இல்லை. பகலில் 32, 33 டிகிரி, பிற்பகலில் இடியோடு மழை, கழிவறையில் எப்போதும் தண்ணீர் என்று இருக்கும் ஊரில் தரைதான் பாதி விஷயம்.

முதலில் செருப்பு

நம் வீட்டுப் பேச்சில் சிலிப்பர், சேண்டல், செருப்பு எல்லாம் ஒன்றுதான். காலுறை போடப் போகிறீர்களென்றால் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே குமிழ் நுழையும் ரப்பர் சிலிப்பர், அதாவது மலாயில் செலிப்பார் ஜெப்புன் (ஜப்பான் செருப்பு), சாதாரணக் காலுறைக்கு ஆகவே ஆகாது. துணியை விரலிடுக்கில் திணித்து மாட்டினால் அது குமிழைச் சுற்றி இழுபட்டு நிற்கும். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அந்த இழுப்பு விரலிடுக்கை அறுக்கும். காலுறை முன்பக்கமாக நகர நகர, குதிகால் பை பாதத்தின் அடியில் வந்து மடிந்துகொள்ளும். கொஞ்ச தூரம் நடப்பதற்குள் தோல் சிவந்துவிடும். இரண்டு மூன்று தடவை இப்படிப் போட்டால் காலுறையின் விரல் தையலும் பிரியும். பார்வைக்கும், உள்ளதைச் சொன்னால், ஒட்டகத்தின் குளம்பு போல இருக்கும்.

சிலிப்பர்தான் வேண்டும் என்பவர்களுக்கு வழி அதன் பெயரிலேயே இருக்கிறது. ஜப்பானியர் இதன் மூத்த வடிவமான ஸோரியைத் தாபி என்ற பிளவுவிரல் காலுறையோடு போடுவார்கள். அதே பிளவு வைத்த ஸ்டோக்கின் இங்கே முஸ்லிம் பெண்களுக்கான துணிக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். ஜாலான் மஸ்ஜிட் இந்தியா வட்டாரத்தில் தேடினால் கிடைக்காமல் போகாது. பிளவின் அடிப்பகுதி விரலிடுக்கின் அடிவரை முழுதாக இறங்க வேண்டும். அரை சென்டிமீட்டர் மேலே நின்றுவிட்டாலும் சாதாரணக் காலுறையின் அதே தொல்லைதான்.

காலுறைக்குச் சரியாக அமைவது இரண்டு அல்லது மூன்று வார்கள் வைத்து, குதிகாலுக்குப் பின்னாலும் ஒரு வார் பிடிக்கும் சேண்டல். வார்களைக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். காலுறை போட்ட பாதம் வெறும் பாதத்தைவிட வழுக்கும், அதனால் இறுக்கம் ஒரு துளை கூடுதலாகத் தேவைப்படும். பக்கிள் இருந்தால் நல்லது. வெல்க்ரோவானால் அதன் கொக்கிப் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் முனை காலுறையின் நூலை இழுத்து இழுத்து ஒரே மாதத்தில் பஞ்சாக்கிவிடும். நீட்டும் பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம்.

ஒற்றைப் பட்டை மட்டும் வைத்த ஸ்லைடு வகை, வீட்டிலிருந்து மாமாக் கடை வரை போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வரத் தாங்கும். படிக்கட்டுக்குத் தாங்காது. இறங்கும்போது பாதம் முன்னால் சறுக்கும், ஏறும்போது செருப்பு பின்தங்கும்.

தக்கை அடிப்பாதம் வைத்த ஜெர்மன் வகை, காலுறையோடு பார்க்க மிக இயல்பாக இருப்பது. பிர்க்கன்ஸ்டாக் நிறுவனம் 1973இல் வெளியிட்ட 'அரிசோனா' என்ற இரட்டைப் பட்டைச் சேண்டலின் வடிவத்தைத்தான் இன்று பாசார் மாலாம் (இரவுச் சந்தை) வரை எல்லாக் கடைகளிலும் பார்க்கிறீர்கள். இதில் ஒரே சங்கடம் தண்ணீர். தக்கை நனைந்து நனைந்து காய்ந்தால் ஓரத்தில் பிளக்கும், பசை விடும்.

அடிப்பாகத்தின் உயரத்தை அளந்து வாங்குங்கள். குதிகால் பக்கம் 3 சென்டிமீட்டர், விரல் பக்கம் குறைந்தது 2 சென்டிமீட்டர். அதற்குக் கீழே போனால் ஈரத்தரையில் காலுறையின் ஓரம் தண்ணீரைக் குடித்துவிடும். விரல் முனைக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் மிச்சம் இருக்க வேண்டும், காலுறையின் முனை வெளியே தொங்கினால் தரையைப் பெருக்கும். மெல்லிய காலுறைக்காகப் பெரிய அளவு எடுக்க வேண்டாம், வார் சரிக்கட்டிவிடும். மாலையில் போய் வாங்குங்கள், காலையைவிடப் பாதம் அப்போது கொஞ்சம் உப்பியிருக்கும்.

புதுத் தோல் சேண்டலென்றால் இன்னொரு சோதனை. வெள்ளைத் துணியை நனைத்து உள்பக்கம் பலமாகத் தேயுங்கள். சாயம் ஒட்டினால் முதல் சில வாரத்துக்கு வெளிர் நிறக் காலுறை வேண்டாம். வியர்வையில் ஊறிய சாயம் துணியிலிருந்து போவதே இல்லை.

காலுறையின் துணி

பாசார் மாலாமில் பத்து வெள்ளிக்கு மூன்று ஜோடி என்று குவித்து விற்பவை பெரும்பாலும் பாலியெஸ்டர். கையில் தொட்டால் பருத்தி போலத்தான் இருக்கும், போட்ட ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். சேண்டலில் காற்று வருமே, துணி எதுவானால் என்ன என்று நினைக்கலாம். காற்று மேல்பக்கம்தான் வரும். பாதத்தின் அடி, செருப்போடு ஒட்டிய பக்கம், மூடிய சப்பாத்துக்குள் இருப்பதுபோல்தான் வியர்க்கும்.

முழுப் பருத்தி வியர்வையை உறிஞ்சும், ஆனால் விடாது. நம் ஊர் ஈரக்காற்றில் மாலைவரை நனைந்தபடியே இருக்கும். எழுபது, எண்பது விழுக்காடு பருத்தியும் மிச்சம் நைலானும் கொஞ்சம் எலாஸ்டேனும் கலந்தது அன்றாடத்துக்கு நல்லது. வடிவம் குலையாது, ஓரளவு வேகமாகக் காயும். மெரினோ கம்பளியின் மெல்லிய ரகம் இன்னும் நல்லது, நாற்றம் குறைவு, விலைதான் இடிக்கும். கம்பளி என்றதும் கேமரன் மலைக்கென்று ஒதுக்கிவிடாதீர்கள், மெல்லியதாக இருந்தால் வெயிலிலும் உறுத்தாது. மூங்கில் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் விஸ்கோஸ்தான். பட்டுப் போல மென்மை, ஆனால் குதிகாலில் சீக்கிரம் ஓட்டை விழும்.

பெண்கள் போடும் கண்ணாடி போன்ற நைலான் காலுறை ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். ஆனால் மொழுமொழுவென்ற ரப்பர் அடிப்பாதத்தில் அது எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். அடியில் மட்டும் பருத்தி வைத்துத் தைத்த ரகம் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள்.

தடிமனுக்கு எளிய சோதனை: காலுறைக்குள் கையை விட்டு விரல்களை விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். விரல்களின் வடிவம் மங்கலாகத் தெரிந்தால் சேண்டலுக்குச் சரியான தடிமன். ஒன்றுமே தெரியாவிட்டால் அது ஓடுவதற்கான காலுறை; வாருக்குக் கீழே திரண்டு கட்டியாக உட்காரும்.

உயரத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். வெளியே தெரியக்கூடாது என்று கணுக்காலுக்குக் கீழே நிற்கும் குட்டைக் காலுறையை எடுக்கிறார்கள். மூடிய சப்பாத்தில் அது மறையும். சேண்டலில் எல்லாப் பக்கமும் எட்டிப் பார்க்கும். போதாததற்குக் குதிகால் வார் அதன் ஓரத்தின் மேலேயே உட்கார்ந்து, நடக்க நடக்கக் கீழே தள்ளி, கடைசியில் காலுறை முழுதும் பாதத்தின் அடியில் சுருண்டு கிடக்கும். காலுறையின் மேல் விளிம்பு குதிகால் வாருக்கு மேலே நாலு விரல்கடையாவது ஏறியிருக்க வேண்டும். தெரிந்தால் முழுதாகத் தெரியட்டும். மறைக்கப் பார்த்து மறையாததுதான் அசிங்கம்.

நிறம் அவரவர் விருப்பம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் கேட்டால் சொல்வது இதுதான்: செருப்பின் நிறத்துக்கோ கால்சட்டையின் நிறத்துக்கோ ஒரு படி நெருங்கிய நிறம். கறுப்புச் சேண்டலுக்கு அடர்சாம்பல், பழுப்புக்குக் காப்பி நிறம். சேலைக்குக் கீழே தோல் நிறம், பிளவுவிரல் ரகம். வெள்ளைக் காலுறையைக் கெண்டைக்கால் வரை இழுத்துவிட்டு நடப்பது இருபது வயதுக்காரர்களுக்கு எடுபடும். வேட்டிக்குக் காலுறை எந்த நிறத்திலும் சேராது. டாக்டர் சொல்லியிருந்தால் ஒழிய அதில் விவாதமே வேண்டாம்.

மாட்டும் விதம்

குளித்த பாதத்தைத் துடைத்துவிட்டு அப்படியே மாட்டினால் விரலிடுக்கு ஈரமாகவே இருக்கும். துண்டின் முனையை ஒவ்வொரு இடுக்கிலும் விட்டு எடுங்கள். சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவில் இரண்டு தடவை. சேற்றுப்புண் முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான். கட்டைவிரல் நகத்தின் மூலை கூர்மையாக இருந்தால் அரத்தால் தேய்த்துவிடுங்கள்.

காலுறையை முனைவரை சுருட்டிப் பிடித்து, விரல்களை நுழைத்ததும் நிறுத்திவிட்டு தையலைப் பாருங்கள். அது விரல்களின் மேல்பக்கம், நகத்துக்குச் சற்று மேலே குறுக்காக ஓட வேண்டும். விரல் நுனியிலோ அடியிலோ கிடந்தால் சேண்டலின் முன்வார் அதை அழுத்தி மாலைக்குள் ஒரு கோடு போட்டுவிடும். பிறகு குதிகால் பையைக் குதிகாலில் உட்கார வைத்துவிட்டு மேலே இழுங்கள். இழுத்து முடித்ததும் விரல் முனையில் துணியைக் கிள்ளி அரை சென்டிமீட்டர் முன்னால் விடுங்கள். இதைச் செய்யாவிட்டால் கட்டைவிரல் பக்கம்தான் முதலில் ஓட்டை விழும்.

சேண்டலை மாட்டும்போது எல்லா வார்களையும் தளர்த்திக்கொள்ளுங்கள். பாதத்தை வைத்து, குதிகாலைத் தரையில் இரண்டு தடவை தட்டிப் பின்னால் கொண்டுபோங்கள். முதலில் பாதத்தின் மேட்டில் வரும் வாரை இறுக்க வேண்டும், அடுத்து முன்வார், கடைசியாகக் குதிகால் வார். முன்வாரை முதலில் இறுக்கினால் பாதம் முன்னாலேயே நின்றுவிடும். ஒவ்வொரு வாருக்கும் கீழே ஒரு சுண்டுவிரல் நுழைய வேண்டும், இரண்டு விரல் நுழையக் கூடாது. எழுந்து பத்து அடி நடந்துவிட்டு வார்களுக்குக் கீழே துணி மடிந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மடிப்பு இருந்தால் வாரைத் தளர்த்தித் துணியை நேராக்குங்கள். வாருக்குக் கீழேயிருந்து துணியை மட்டும் இழுத்தால் அடுத்த தெருவில் மறுபடி மடியும்.

பத்துமலையில் 272 படி, பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலில் 513 படி. காலுறையோடு சேண்டல் போட்டு ஏறினால் ஏறுவது எளிது, இறங்குவதுதான் சோதனை. மேலேயே ஓரமாக உட்கார்ந்து மேட்டு வாரை ஒரு துளை இறுக்கிக்கொண்டு இறங்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு படியிலும் கட்டைவிரல் முன்னால் போய் இடிக்கும், மறுநாள் நகம் கறுத்திருக்கும்.

ஈரம்

நெடுஞ்சாலை ஓய்விடங்களில் கழிவறைத் தரை காய்ந்திருந்த நாள் உண்டா? குழாயைப் பிடித்து அடித்த தண்ணீர், கழுவித் தள்ளிய தண்ணீர், கை கழுவிய இடத்தில் சொட்டிய தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஓடும். அடி உயரமான சேண்டலானாலும் குந்தும் கழிவறையில் குதிகாலின் பின்பக்கம் தெறிக்கும். காலுறையை வாசலிலேயே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலில் சேண்டல் மாட்டிப் போவதுதான் ஒரே வழி. திரும்பி வந்து பாதத்தைத் துடைத்த பிறகு மாட்டுங்கள். அலுப்புத்தான். ஈரக் காலுறையோடு மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்காருவதைவிட மேல்.

மழையில் நனைந்தால் சேண்டல் சீக்கிரம் காயும், காலுறை காயாது. உடனே கழற்ற வேண்டும். ஒரு ஜோடி மாற்றுக் காலுறையும் ஒரு சிறு பிளாஸ்டிக் பையும் கைப்பையில் இருக்கட்டும். ஜோர்ஜ்டவுனில் கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதைகளில் பதித்திருக்கும் பழைய பூத்தரை ஓடுகள் நனைந்தால் கண்ணாடிதான். அங்கே வழுக்குவது காலுறையா அடியா என்று தெரியாமலே விழுவார்கள். அடியில் கோடுகள் தேய்ந்த சேண்டலை மழைக்காலத்தில் எடுக்காதீர்கள்.

வெள்ளத் தண்ணீரில் காலுறை பாதுகாப்பு என்று நினைப்பது ஆபத்து. லோங்காங் (சாக்கடை) நிரம்பி ஓடும் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கலாம். எலிக்காய்ச்சல் கிருமி பாதத்தின் சிறு கீறல் வழியாகவும் உள்ளே போகும். காலுறை அந்தத் தண்ணீரைத் தேக்கித் தோலோடு ஒட்ட வைக்கும். கால் வைத்தே ஆக வேண்டுமென்றால் ரப்பர் பூட்ஸ்தான். அது இல்லாமல் நனைந்துவிட்டால் காலுறையை உரித்துப் போட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த சில வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் வெள்ளத்தில் நடந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.

எந்த இடத்தில் செல்லும்

அரசாங்க அலுவலகக் கவுண்டர்களில் வாசலிலேயே உடை நெறி அறிவிப்புப் பலகை இருக்கும். குட்டைக் கால்சட்டை, கையில்லாத சட்டையோடு சிலிப்பரும் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கும். பின்வார் வைத்த சேண்டலைக் காவலாளி சிலிப்பராகப் பார்ப்பாரா என்பது அன்றைய காவலாளியைப் பொறுத்தது. காலுறை போட்டிருந்தால் சப்பாத்து போலத் தெரியும் என்று நம்பிப் போக வேண்டாம். எண் எடுத்துக் காத்திருக்கப் போகிற நாளில் மூடிய சப்பாத்தே போட்டுவிடுங்கள். நீதிமன்றத்துக்கும் வேலை நேர்காணலுக்கும் இதே.

கோயிலில் செருப்பை விட்டுவிட்டு, குழாயடியில் கால் கழுவித்தான் உள்ளே போவோம். அங்கே காலுறைக்கு வேலை இல்லை. கழற்றிச் செருப்புக்குள் திணிக்காமல் பையில் வையுங்கள். மழை வந்தால் செருப்புக்குள் இருக்கும் காலுறைதான் முதலில் ஊறும். ஆனால் முதியவர்களுக்கு உச்சிவேளையில் வெளிப்பிரகாரத் தரை சுடும். காலுறையோடு சுற்றினால் சூடு தாங்கும், ஆனால் பளபளக்கும் கல்லில் அபிஷேகத் தண்ணீர் கிடந்தால் வழுக்கும். அடியில் ரப்பர் புள்ளிகள் வைத்த காலுறை அதற்கென்று தனியாக ஒன்று வாங்கி வைப்பது நல்லது. பிள்ளைகளின் குதிப்பு மையங்களில் கட்டாயமாக விற்பார்களே, அதே ரகம். தைப்பூசத்தன்று ஜாலான் துன் எச்.எஸ். லீயிலிருந்து பத்துமலை வரை ஏறக்குறைய 15 கிலோமீட்டர் ரதத்தின் பின்னால் நடக்கிறவர்களில், நேர்த்திக்கடன் இல்லாமல் துணைக்குப் போகிறவர்கள் காலுறை போட்டுச் சேண்டல் மாட்டுவது புத்திசாலித்தனம். வார் உரசும் கணுக்காலிலும் மேட்டிலும் வாசலின் தடவி, அதன்மேல் காலுறை. கொப்புளம் வருவது அங்கேதான்.

பள்ளிவாசலில் காலுறையோடு நிற்பது இயல்பு. தொழுகைக்கு முன் ஒளு எடுக்கும்போது பாதத்தைக் கழுவ வேண்டியிருப்பதால் எளிதில் கழற்றக்கூடிய ரகமாக இருக்கட்டும். கழுவிய காலைத் துடைக்க ஒரு சிறு துண்டு வேண்டும்.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போகிறீர்களா? செருப்பு வாசலில் நின்றுவிடும், உள்ளே எல்லாரும் பார்ப்பது காலுறையைத்தான். கிளம்பும் முன் கட்டைவிரல் முனையையும் குதிகாலையும் ஒரு தடவை பாருங்கள்.

பேரங்காடிகளில் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். மின்படிக்கட்டில் மட்டும் கவனம். மெத்தென்ற ரப்பர்ச் செருப்பின் ஓரமும் தளர்ந்து தொங்கும் காலுறையின் முனையும் பக்கவாட்டு இடுக்கில் சிக்கும். பிள்ளைகளைப் படியின் நடுவில் நிறுத்துங்கள்.

மோட்டாரில் போகிறவர்களுக்கு ஒன்று: காப்சாயின் கியர் மிதியை இடது காலால் மேலும் கீழும் தட்டும்போது காலுறை போட்ட பாதம் சேண்டலுக்குள் நகரும். குதிகால் வார் இல்லாத எதையும் போட்டு ஓட்டாதீர்கள். விழுந்தால் காலுறை தோலைக் காக்காது, சப்பாத்து கொஞ்சம் காக்கும்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு

2019இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே விகிதம் அதைவிட அதிகம். ஆகவே நம் வீடுகளில் சேண்டலும் காலுறையும் பற்றிப் பேசினால் பாதிப் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு வெறுங்காலில் சிலிப்பர் போடுவதைவிட, பின்வார் வைத்த சேண்டலும் காலுறையும் பலமடங்கு நல்லது. விரலிடுக்கில் குமிழ் நுழையும் எதுவும் கூடாது. அங்கே தோல் உரிந்தால் அவர்களுக்குத் தெரியாது.

காலுறை வெள்ளை அல்லது வெளிர் நிறமாக இருக்க வேண்டும். இரத்தமோ சீழோ கசிந்தால் துணியில் கறை தெரியும், கறுப்பில் தெரியாது. மேல் விளிம்பில் இறுக்கமான ரப்பர் பட்டை கூடாது. கழற்றும்போது காலில் பள்ளமாகக் கோடு விழுந்திருந்தால் அது இறுக்கம். விரல் தையல் உள்பக்கம் தடித்திருந்தால் காலுறையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுவிடலாம், அழகு போனால் போகட்டும்.

சேண்டலை மாட்டும் முன் ஒவ்வொரு தடவையும் உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். ஒரு சிறு கல், உதிர்ந்த பக்கிள் ஊசி, எதுவும் இருக்கலாம். சேண்டலில் முன்பக்கம் திறந்திருப்பதால் மணலும் கல்லும் ஏறும், காலுறை அதைப் பாதத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இரவில் காலுறையைக் கழற்றியதும் துணியின் உள்பக்கத்தை முதலில் பாருங்கள், பிறகு பாதத்தை. குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டில் ஒருவர் பார்க்க வேண்டும். பித்தவெடிப்புக்கு யூரியா கலந்த களிம்பைக் குதிகாலில் தடவிப் பருத்திக் காலுறை போட்டுத் தூங்கலாம். விரலிடுக்கில் களிம்பு தடவக் கூடாது. வெந்நீரில் கால் ஊறவைப்பது வேண்டாம், சூடு தெரியாமல் வெந்துபோகும். புண் எவ்வளவு சிறிதானாலும் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள்.

பஸ், மலை, கொசு

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் ஐந்து மணி நேரம் ஏர்கோனில் உட்கார வேண்டும். காலுறையைக் கிளம்பும்போதே போட வேண்டியதில்லை, பஸ் நகர்ந்த பிறகு போடுங்கள். டெர்மினலில் ஓடி வியர்த்த காலில் போட்டால் அந்த ஈரமே குளிரும். கேமரன், கெந்திங் மலைகளில் இரவுக்குக் கொஞ்சம் தடித்த காலுறை வேண்டும். பினாங்குக் கொடிமலைக்கு மெல்லியதே போதும்.

டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு காலையிலும் அந்தி நேரத்திலும் கணுக்காலைத்தான் தேடி வரும். பூங்காவில் நடக்கிறவர்களுக்குக் காலுறை ஒரு தடுப்பு, ஆனால் மெல்லிய நைலான் வழியாகக் குத்திவிடும்.

துவைப்பதும் வைப்பதும்

ஒரு நாளுக்கு ஒரு ஜோடி. உள்வெளியாகத் திருப்பித் துவையுங்கள், வியர்வையும் தோல் செதிலும் உள்ளேதான் இருக்கும். சேற்றுப்புண் இருந்தால் 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும், சாதாரணத் தண்ணீரில் பூஞ்சை சாகாது. பார்மசியில் வாங்கும் கிளோட்ரிமசோல் களிம்பை அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாமல் இன்னும் இரண்டு வாரம் தடவுங்கள். பாதி மருந்தில் நிறுத்துவதால்தான் மறுபடி மறுபடி வருகிறது. துணி மென்மையாக்கியை ஊற்றாதீர்கள். அது நூலின்மேல் படிந்து வியர்வையை உறிஞ்ச விடாது. மழைக்காலத்தில் காயாமல் புழுங்கல் நாற்றம் வந்தால், ஒரு வாளித் தண்ணீரில் அரைக் கோப்பை வெள்ளை வினிகர் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்துத் துவைத்துக் காற்றாடிக்குக் கீழே போடுங்கள்.

சேண்டலையும் கழுவ வேண்டும். காலுறையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் நாற்றம் அடிப்பாதத்திலிருந்து திரும்பவும் ஏறும். ரப்பரானால் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்தூரிகையும் போதும். தக்கையானால் பிழிந்த துணியால் துடைத்து நிழலில் வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் எதையும் விட்டுவிடாதீர்கள்: தக்கையின் பசை இளகும், மெத்தென்ற ஈவிஏ நுரை வகை ஓர் அளவு சுருங்கியே போகும்.

விசேஷத்துக்கென்று பெட்டியில் வைத்த விலை உயர்ந்த சேண்டல், இரண்டு மூன்று வருடம் கழித்து எடுத்து நடந்ததும் அடிப்பாகம் பொலபொலவென்று உதிர்வதைப் பலர் பார்த்திருப்பார்கள். பாலியூரித்தேன் அடி காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து சிதைவதுதான் காரணம். சும்மா வைத்தால் இன்னும் சீக்கிரம் கெடும். மாதம் ஒரு தடவையாவது போட்டு நடங்கள், பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். பெட்டியிலிருந்து எடுக்கும்போது அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினாலோ மாவு போல உதிர்ந்தாலோ பசை போட்டு ஒட்டிப் பயனில்லை. குப்பைத் தொட்டியில் போட்டுவிடுங்கள்.